ஆடாத பதினேழு பேரும் என் அணிதான்

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலோ யாராவது வீட்டுக் கொலுவிலோ, நான் ஒரு கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் என்று தெரிந்ததும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "என் பொண்ணு ஏழு வயசுல இருந்து சாக்கர் ஆடுறா. காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?" கையில் தட்டோடு நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஆடி முடித்துவிட்டுப் பயிற்சிப் பக்கம் போக நினைக்கும் இளையவர்களும் அவ்வப்போது வழி கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

முதலில் ஸ்காலர்ஷிப். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று டிவிஷன்கள். டிவியில் பார்ப்பது பெரும்பாலும் முதல் டிவிஷன். நான் ஆடியதும், இப்போது பென்சில்வேனியாவில் வேலை பார்ப்பதும் மூன்றாம் டிவிஷனில். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள, மூன்றிலும் பெரிய டிவிஷன் அதுதான். விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது என்பது இங்கே விதி. மதிப்பெண்ணைப் பார்த்துத் தருவார்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள், அவ்வளவுதான். முதல் டிவிஷனில்கூடப் பல ஆண்டுகளாகப் பெண்கள் அணி ஒன்றுக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்தான் உச்ச வரம்பு, ஆண்கள் அணிக்கு 9.9. அதை இருபத்தைந்து முப்பது பேருக்குத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். 2025இல் வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், படிப்புச் செலவைக் கால்பந்து பார்த்துக்கொள்ளும் என்று நம்பி கிளப்புக்கும் டோர்னமென்ட்டுக்கும் வருஷம் முழுக்கப் பணம் கட்டாதீர்கள். பிள்ளைக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது, அதற்காகக் கட்டுகிறோம் என்றால் தாராளமாகக் கட்டுங்கள்.

இனி, பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு. சிறிய தனியார் கல்லூரிகள் மாணவர் கட்டும் கட்டணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. மாணவர் சேர்க்கை குறைந்து இந்தப் பக்கத்தில் மூடப்பட்ட கல்லூரிகளே இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கால்பந்து அணி என்பது சேர்க்கைக்கு ஒரு வாசல். கோச்சிடம் ஒரு எண்ணைக் கொடுத்து, இந்த வருஷம் இத்தனை பேரைக் கொண்டு வா என்பார்கள். என் அணியில் 28 பேர். நாற்பது பேர் வரை வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. களத்தில் இறங்குவது என்னவோ பதினொரு பேர்தான். மீதிப் பதினேழு பேரும் ஆடத்தான் வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். அவர்களும் அதே காலை ஆறு மணிக்கு எழுந்து பயிற்சிக்கு வருகிறார்கள்.

நிர்வாகத்துக்கு அவர்கள் எண்ணிக்கையாகத் தெரியலாம். கோச்சுக்கும் அப்படியே தெரிந்தால் சீசன் நடுவிலேயே, அக்டோபருக்குள் அணி இரண்டாக உடைந்துவிடும். ஒரு தலைமைப் பயிற்சியாளரின் வேலையை அவர் அந்தப் பதினேழு பேரை வைத்து என்ன செய்கிறார் என்பதைக் கொண்டுதான் நான் எடை போடுவேன்.

நானே அந்தப் பதினேழில் இருந்தவள். கோயம்புத்தூரில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டு அப்பாவின் வேலையோடு நியூ ஜெர்சி வந்தேன். பள்ளி அணியிலும் ஊர் கிளப்பிலும் சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவள். 2012இல் கல்லூரியில் சேர்ந்தபோது எனக்கு முன்னால் அதே இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் என்னைவிடத் தெளிவாகவே நல்ல ஆட்டக்காரர்கள். முதல் இரண்டு சீசனும் ஆட்டம் நடக்கும் நேரத்தில் முக்கால்வாசி நான் பெஞ்சில்தான் இருந்தேன்.

அந்த அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, "பந்து நம்ம இடது பக்கம் இருக்கும்போது வலது பேக் எங்க நிக்கிறான்னு ஒவ்வொரு தடவையும் எழுது" என்றார். அடுத்த வாரம் வேறு வேலை: எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரி எப்போதெல்லாம் தன் சென்டர் பேக்குகளுக்கு நடுவே இறங்கிப் பந்து வாங்குகிறாள், அந்த நேரத்தில் நம் ஸ்ட்ரைக்கர் யாரை விரட்டுகிறாள். களத்தில் இருக்கும்போது எனக்குப் பந்தும் நான் பிடிக்க வேண்டிய ஆளும் மட்டும்தான் தெரியும். பந்து இல்லாத பக்கம் என்று ஒன்று இருக்கிறது, ஆட்டத்தில் பாதி அங்கேதான் தீர்மானமாகிறது என்பது பெஞ்சிலிருந்துதான் பிடிபட்டது. அறுபதாவது நிமிஷத்துக்கு மேல் யார் ஓடுவதை நிறுத்துகிறார்கள், கோல் வாங்கியதும் யார் தலையைத் தொங்கப்போடுகிறார்கள், யார் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால் கண்ணாடி போலத் தெரியும். மூன்றாம் வருஷம் முழுநேரமும் ஆடத் தொடங்கியபோது என் கால் வேகம் ஒன்றும் கூடியிருக்கவில்லை. ஆனால் பந்து எங்கே வரும் என்று முன்னாலேயே தெரிந்தது.

கோச் ஆகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அப்பா, "எகனாமிக்ஸ் படிச்சுப்போட்டு பந்து பொறுக்கப் போறியா கண்ணு?" என்றார். அம்மா கேட்டது, "இன்சூரன்ஸ் குடுப்பாங்களா?" இரண்டுமே நியாயமான கவலைதான். அப்பாவிடம் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்து, அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த ஜில் எல்லிஸின் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் பிறந்தவர். அங்கே அப்போது சிறுமிகளுக்கு அணி இல்லாததால், 1981இல் குடும்பத்தோடு வர்ஜீனியா வந்த பிறகுதான் முறையான அணியில் ஆடத் தொடங்கினார். வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஸ்ட்ரைக்கர். பிறகு நார்த் கரோலைனா ஸ்டேட்டில் உதவிப் பயிற்சியாளராக இருந்துகொண்டே மேற்படிப்பு. அதன்பின் நார்தர்ன் டெலிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் வேலை. அப்பா தலையாட்டிய இடம் இதுதான். அந்த வேலையை விட்டுவிட்டு 1994இல் மேரிலாந்தில் மறுபடி உதவிப் பயிற்சியாளர் ஆனார். பிறகு இலினாய் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பு, அடுத்து லாஸ் ஏஞ்சலஸின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு சீசன், கடைசியில் அமெரிக்க தேசிய அணி.

2015 பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நாங்கள் வீட்டில் சேர்ந்து பார்த்திருந்தோம். ஜப்பானை 5-2 என்று வென்ற ஆட்டம். எங்கள் நியூ ஜெர்சிக்காரி கார்லி லாய்ட் பதினாறு நிமிஷத்துக்குள் மூன்று கோல் போட்டார். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்கள். சீனாவுடனான காலிறுதிக்கு மேகன் ரபினோவும் லாரன் ஹாலிடேயும் மஞ்சள் அட்டைகளால் ஆட முடியாமல் போக, எல்லிஸ் பெஞ்சிலிருந்து கெல்லி ஓஹாராவையும் ஏமி ரோட்ரிகஸையும் தொடக்க அணியில் இறக்கினார். இளையவரான மோர்கன் பிரையனை நடுக்களத்தில் பின்னால் நிறுத்தியதால் லாய்ட் முன்னால் போக வழி கிடைத்தது. ஜெர்மனியுடனான அரையிறுதியில் ஓஹாரா மறுபடி பெஞ்சுக்குப் போய், கடைசி நேரத்தில் இறங்கி, நாட்டுக்காகத் தன் முதல் கோலைப் போட்டார். அவர்களைத் தயாராக வைத்திருந்தது அந்த ஒரு வாரத்து வேலை இல்லை, மாதக்கணக்கான வேலை. நான்கு ஆண்டு கழித்து எல்லிஸ் மறுபடியும் கோப்பையை வென்றார்.

எல்லிஸ் மட்டும் இல்லை. இந்த நாட்டில் பெரிய பெயர் எடுத்த கால்பந்துப் பயிற்சியாளர்கள் பலர் கல்லூரியில் ஆடிவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள். பின்னாளில் அமெரிக்க ஆண்கள் தேசிய அணிக்குப் பயிற்சியாளரான பாப் பிராட்லி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து, 22 வயதில் ஓஹையோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆன்சன் டோரன்ஸ் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஆடியவர், சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அங்கேயே ஆண்கள் அணி கைக்கு வந்தது, 1979இல் பெண்கள் அணியும் வந்தது. சட்டப் படிப்பை அவர் முடிக்கவே இல்லை.

என் பாதை இவ்வளவு வேகமானது இல்லை, இன்று இந்த வேலைக்கு வருபவர்களுக்கு வழக்கமான பாதைதான். முதலில் வேறொரு கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டன்ட்: மேற்படிப்புக் கட்டணம் தள்ளுபடி, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். படித்த கல்லூரியிலேயே அந்த வாய்ப்பு வந்தாலும் ஏற்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்வேன். போன வருஷம் வரை கூட ஆடியவளிடம், ஒரே அறையில் தங்கியவளிடம், "நாளைக்கு நீ தொடக்க அணியில் இல்லை" என்று சொல்லும் நிலை இருவருக்குமே நல்லதல்ல. அதன் பிறகு பகுதிநேர உதவிப் பயிற்சியாளர் வேலை. அதில் வாடகைகூடக் கட்ட முடியாது என்பதால் மாலைகளில் கிளப் அணிகளுக்குப் பயிற்சி. அந்தக் கிளப் மாலைகளை நான் மதிப்பு மிக்கதாக நினைக்கிறேன். ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் எதையும் நீட்டி விளக்க முடியாது. முதலில் ஆடவிட்டு, நடுவில் ஒரே ஒரு விஷயத்தைப் பழக்கி, மறுபடி ஆடவிட வேண்டும். நாட்டின் கால்பந்துச் சம்மேளனமான யு.எஸ். சாக்கரின் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் முறையும் அதுதான். கல்லூரிப் பெண்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

பயிற்சியாளர் உரிமங்களை வரிசையாக எடுங்கள். முதலில் குழந்தைகளுக்கான அடிப்படை வகுப்புகள், பிறகு டி, சி, பி, ஏ என்று மேலே போகும். பி, ஏ இரண்டும் செலவு பிடிப்பவை. வேலைக்கு எடுக்கும் கல்லூரியிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதே உரிமச் செலவையும் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், பின்னால் கேட்டால் கிடைப்பது கடினம். ஜனவரியில் பயிற்சியாளர் சங்கமான யுனைடெட் சாக்கர் கோச்சஸ் நடத்தும் மாநாட்டுக்கு ஒருமுறையாவது போங்கள். வகுப்புகள் நல்லவைதான், ஆனால் யார் எங்கே கிளம்புகிறார்கள், எந்தக் கல்லூரியில் இடம் காலியாகிறது என்பதெல்லாம் அங்கே நடைபாதைப் பேச்சில்தான் தெரியவரும். இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வந்து ஆடுபவர்களுக்கு ஒன்று: உயர்கல்வி நிறுவனங்கள் எச்-1பி விசாவின் ஆண்டு உச்ச வரம்புக்கு வெளியே இருப்பவை, அதாவது லாட்டரி இல்லை. கல்லூரியில் கோச் வேலை தேட இது ஒரு பெரிய காரணம். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சீக்கிரமே பேசிவிடுங்கள்.

தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கான நேர்காணல் ஒரு முழு நாள் நடந்தது. விளையாட்டுத் துறை இயக்குநர், சேர்க்கைத் துறை, மற்ற அணிகளின் கோச்சுகள், மதியம் வீராங்கனைகளோடு சாப்பாடு, அப்புறம் அவர்களை வைத்தே ஒரு பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். எந்த அமைப்பில் ஆடவைப்பேன் என்று நிர்வாகத்தில் யாரும் கேட்கவில்லை. முதல் வருஷம் எத்தனை பேரைச் சேர்ப்பாய், சேர்ந்தவர்கள் விலகாமல் இருக்க என்ன செய்வாய் என்றுதான் கேட்டார்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பல வருஷமாக யோசித்த பதில் இருந்தது.

2022இல் பொறுப்பேற்றேன். முதலில் செய்தது நேர்பேச்சுகளை முறைப்படுத்தியது. ஆகஸ்ட் நடுவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி தொடங்கும். முதல் ஆட்டத்துக்கு முன்பும் சீசன் நடுவிலும் முடிவிலும் ஒவ்வொருத்தியோடும் தனியாக உட்கார்ந்து பேசுவேன். மூன்று விஷயம் மட்டும். இப்போது உன் இடம் எது. அதை மாற்றக்கூடியது எது. இந்த வாரம் அணிக்கு உன்னால் ஆவது எது. "நல்லா உழைக்கிறே, இப்படியே தொடரு" என்ற வாக்கியத்தை நான் சொல்வதில்லை. பெஞ்சில் இருந்தபோது எனக்கு அதிகம் வலித்த வாக்கியம் அது, ஏனென்றால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதற்குப் பதிலாக, "முதுகைக் காட்டிக்கொண்டே பந்தை வாங்குகிறாய், அதனால் ஒரு பக்கம்தான் உனக்குத் திறந்திருக்கிறது. வாங்கும் முன் தோளுக்கு மேல் ஒரு பார்வை, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு. இரண்டு வாரம் இதை மட்டும் பார்ப்பேன்" என்று சொன்னால் அவள் எழுந்து போகும்போது கையில் ஒரு வேலை இருக்கும். இரண்டு வாரம் கழித்து நான் மறக்காமல் வீடியோவைத் திறந்து காட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதலில் பேசியதும் வீண்.

தொடக்க அணியிலிருந்து ஒருத்தியை எடுப்பதாக இருந்தால் பெயர்ப் பட்டியல் வெளியாகும் முன்பே அவளிடம் நேரில் சொல்லிவிடுவேன். மெசேஜில் சொல்வதில்லை. ஆட்ட நிமிஷங்களைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவதும் இல்லை. அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இருபது வயதுப் பெண் தன் மேலதிகாரியிடம் "நான் ஏன் ஆடவில்லை, என்ன செய்தால் ஆடுவேன்" என்று கேட்கக் கற்றுக்கொள்வது அவளுக்கு வாழ்க்கை முழுக்கப் பயன்படும். அப்பா அம்மா அவளுக்காக அதைக் கேட்டுவிட்டால் அந்தப் பாடம் அவளுக்குக் கிடைக்காது.

கல்லூரி விதிகள் இந்த விஷயத்தில் எனக்குக் கைகொடுக்கின்றன. சர்வதேச ஆட்டங்களில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள், வெளியே போனவர் திரும்ப முடியாது. கல்லூரியில் மாற்றுகளுக்கு அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. முதல் பாதியில் வெளியே வந்தவள் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் வெளியே வந்தால் ஒரு முறை திரும்பலாம். இதனால் ஆட்டம் மூச்சுமுட்ட ஓடுவதாக ஆகிவிடுகிறது, பந்தை நிதானமாக வைத்து ஆடும் திறமை வளர்வதில்லை என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களை உருவாக்கும் இடங்களுக்கு அந்தக் குறை பொருந்தும். எங்களைப் போன்ற அணிக்கு இது வரம் என்பேன். வாரத்தில் இரண்டு ஆட்டம், பெரும்பாலும் புதனும் சனியும். இருபத்தைந்தாவது நிமிஷம் நாலு பேரை மாற்றினால் வந்தவர்கள் இருபது நிமிஷம் முழு மூச்சாக எதிரணியை நெருக்குவார்கள், உட்கார்ந்தவர்கள் இடைவேளையும் சேர்த்து முப்பத்தைந்து நிமிஷம் ஓய்வெடுத்து இரண்டாம் பாதிக்குப் புதிதாக வருவார்கள். அந்த நாலு பேருக்குத் தங்கள் இருபது நிமிஷம் என்ன வேலை என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்காக ரிசர்வ் ஆட்டங்களை நானே தேடிப் பிடித்து அட்டவணையில் சேர்க்கிறேன். அதற்கும் நான் நேரில் போய் நிற்பேன். கோச் வராத ஆட்டத்தை யாரும் ஆட்டமாக எண்ண மாட்டார்கள்.

டோரன்ஸின் முறை இதற்கு நேர் எதிர். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒவ்வொரு மோதலையும் எண்ணி, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை வரிசைப்படுத்தி எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுவார். கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடமிருந்து எடுத்த யோசனை. அதை வைத்து 21 என்.சி.ஏ.ஏ. பட்டங்கள் வென்றார், அமெரிக்க அணியின் நட்சத்திரமான மியா ஹாம் போன்றவர்களை உருவாக்கினார். அந்தக் கணக்கெடுப்பை நானும் செய்கிறேன், ஏனென்றால் எண்ணாமல் விட்டால் கோச்சின் கண் தனக்குப் பிடித்தவர்களையே பார்க்கும். ஆனால் நான் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதில்லை, அவரவர் கணக்கை அவரவரிடம் காட்டுகிறேன். நார்த் கரோலைனாவுக்குப் போனவர்கள் உலகின் சிறந்த ஆட்டக்காரி ஆகப் போனவர்கள். என்னிடம் வருபவர்கள் நர்ஸாகவும் கணக்காளராகவும் ஆகப்போகிறவர்கள். இருபத்தெட்டாவது இடம் என்று சுவரில் படித்த பிறகும் காலையில் பயிற்சிக்கு வர அவர்களுக்குக் காரணம் குறைவு.

என் அணியில் ஒரு பெண், விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடுபவள். வேகம் போதாது, அதை அவளும் அறிவாள். நான்கு வருஷமும் சேர்த்து அவள் ஆடிய நேரம் மிகக் குறைவு. கடைசி வருஷம் அணி ரகசிய வாக்கெடுப்பில் அவளைக் கேப்டன்களில் ஒருத்தியாகத் தேர்ந்தெடுத்தது. ஆடாதவள் எப்படிக் கேப்டன் என்று ஒரு சக கோச் கேட்டார். பயிற்சியில் கடைசி ஓட்டத்தில் கோட்டைத் தொடாமல் திரும்பும் தொடக்க ஆட்டக்காரியிடம் "திரும்பப் போய்த் தொட்டுட்டு வா" என்று சொல்ல அந்த அணியில் அவளால்தான் முடிந்தது. தனக்கு எந்த லாபமும் இல்லாமல் அவள் அதைச் செய்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்து, வீட்டு நினைப்பில் அழும் முதல் வருஷப் பெண்கள் தேடிப் போனதும் அவளைத்தான். அந்த சீசனில் அணியிலிருந்து ஒருவர்கூட விலகவில்லை என்றால் அதில் அவள் பங்கு பெரிது.

காயம் பட்டவர்களும் பெஞ்சில்தான் இருக்கிறார்கள், இன்னும் தனிமையாக. பெண்களுக்கு முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், சிலருக்கு ஒரு வருஷம். ஃபிஃபாவின் "11+" என்ற வார்ம்-அப் தொகுப்பை ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் செய்யச் சொல்கிறேன். ஓட்டம், பிளாங்க், தொடையின் பின்தசைக்கான பயிற்சி, குதித்துச் சரியாகத் தரையிறங்குவது என்று இருபது நிமிஷம் ஆகும். தொடர்ந்து செய்யும் அணிகளில் காயங்கள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைகளின் கிளப்பில் இது இல்லையென்றால் கோச்சிடம் கேளுங்கள், இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். அப்படியும் ஒருத்திக்குக் கிழிந்துவிட்டால், எனக்கு அந்தப் பழைய நோட்டு நினைவுக்கு வரும். எதிரணியின் கார்னர் கிக் ஏற்பாடுகளைக் குறிப்பது அவள் வேலை. இடைவேளையில் அவள்தான் அதை அணிக்குச் சொல்வாள், நான் ஓரமாக நிற்பேன்.

2020 இலையுதிர் காலத்தில் கொரோனாவால் மூன்றாம் டிவிஷனின் சாம்பியன்ஷிப் எல்லாம் ரத்தானது. அப்போது நான் உதவிப் பயிற்சியாளர். முகக்கவசத்தோடு சின்னச் சின்னக் குழுக்களாகப் பயிற்சி மட்டும் நடந்தது. ஆட்டமே கிடையாது, அதாவது மொத்த அணியும் பெஞ்ச். சோர்ந்துபோனவர்களில் தொடக்க ஆட்டக்காரர்கள் அதிகம். ஆட்டம் இல்லாமல் ஒரு வாரத்தை எப்படி நிரப்புவது என்று மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இனி பெற்றோருக்குச் சில நடைமுறை விஷயங்கள். கோச்சுக்கு எழுதும் ஈமெயிலை உங்கள் பெண்ணே எழுதட்டும். நடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, அப்பா எழுதியது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், மதிப்பெண் சராசரி, அடுத்த டோர்னமென்ட் எங்கே, எந்த மைதானம், எத்தனை மணிக்கு, ஜெர்சி எண், வீடியோ இணைப்பு. இவ்வளவு போதும். வீடியோ மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், சிறந்த காட்சிகள் முதல் அரை நிமிஷத்தில் இருக்கட்டும், பந்து வருவதற்கு முன் அவள் எங்கே நிற்கிறாள் என்பது அதில் தெரியட்டும். பாட்டு வேண்டாம். முதல் டிவிஷன் கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன் மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது என்பது விதி, அதனால் அதற்கு முன் பதில் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். கல்லூரிகளின் ஐடி கேம்ப் (கோச்சுகள் ஆட்டக்காரர்களைப் பார்த்து எடைபோடும் கட்டண முகாம்) அழைப்புகள் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் போகும். உங்கள் பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பாக ஒரு வரியாவது எழுதியிருந்தால் மட்டும் அதற்குப் பணம் கட்டுங்கள்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது கோச் புல்தரையையும் ஜிம்மையும் உற்சாகமாகக் காட்டுவார், நானும் காட்டுவேன். அதெல்லாம் முடிந்த பிறகு சில கேள்விகளை உங்கள் பெண் கேட்கட்டும். அணியில் மொத்தம் எத்தனை பேர்? என் இடத்தில் எத்தனை பேர், அவர்கள் எந்த வருஷம்? நான்கு வருஷத்துக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள்? ரிசர்வ் ஆட்டங்கள் உண்டா, அதற்குக் கோச் வருவாரா? வெளியூர் ஆட்டத்துக்கு எத்தனை பேரை அழைத்துப் போவீர்கள்? கடைசியாக, தொடக்க அணியில் இல்லாத இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தியோடு கோச் இல்லாமல் தனியாக மதியச் சாப்பாடு சாப்பிட ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கும் கோச் இருக்கும் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.